பிள்ளைக்கான ஜீவனாம்சம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகிவிட்டது. வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பன் மாதாமாதம் பணம் தர வேண்டும், மதம் எதுவானாலும். சட்டம் அவ்வளவுதான், சிக்கலெல்லாம் அதற்குப் பிறகு.

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் ‘எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்’ என்று ஒரு வரி நுழைந்திருக்கும். வழக்கு முடிந்தால் போதும் என்ற களைப்பில் கையெழுத்தும் விழுந்துவிடும். பிள்ளையின் ஜீவனாம்சம் தாய் விட்டுக்கொடுக்கக்கூடியதே அல்ல. கையெழுத்துப் போட்டவர்களும் பிள்ளை பெயரில் மனுப் போடலாம். ஆனால் அந்த வரியைக் காட்டியே எதிர்த்தரப்பு வாய்தா வாங்கும். முதலிலேயே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

‘கல்யாணம் நடந்த ஊரில் போய்ப் போடுங்கள்’ என்று அனுப்பினால் நகராதீர்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் குடும்பநல நீதிமன்றத்திலேயே போடலாம்; அது இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். கூடவே இடைக்கால ஜீவனாம்ச மனுவும் போக வேண்டும். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் அதை முடிக்கச் சொல்கிறது சட்டம். ‘முடிந்தவரை’ என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அந்தச் சொல்லில்தான் மாதங்கள் போகின்றன. பெரும்பாலும் சம்மன் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று திரும்புவதில்தான் முதல் தாமதம். வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் மனுவில் எழுதுங்கள்.

‘எனக்கு வேலையே இல்லை’ என்பார்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே பணம் கணக்கு என்பதும் அதே தீர்ப்பு. உங்கள் பத்திரத்தில் பள்ளிக் கட்டணம், மருந்து, வேன் செலவு ரசீதுகளை மாதவாரியாக இணையுங்கள். ரசீது இல்லாத செலவை முதலில் வெட்டுவார்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது பாக்கியில். தவணை விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால், அந்தத் தவணைக்கு இந்தப் பிரிவின்கீழ் பணத்தை வசூலிக்கும் வாரண்ட் கிடையாது. மாதம் ரூ.8,000 உத்தரவாகி, மூன்று ஆண்டு பொறுத்துப் போனவருக்கு வாரண்டில் கிடைப்பது கடைசி 12 மாதத்தின் ரூ.96,000 மட்டும். ‘தந்துவிடுகிறேன், கோர்ட்டுக்குப் போகாதே’ என்ற பேச்சின் விலை மீதி ரூ.1,92,000. மூன்று மாதம் தவறினாலே மனுப் போடுங்கள். பணம் வங்கி வழியே வரட்டும். கையில் வாங்கினால் எவ்வளவு வந்தது என்று பிறகு தகராறுதான்.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பது பணத்தை நிறுத்தக் காரணமல்ல. பணம் வரவில்லை என்பதும் நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பைத் தடுக்கக் காரணமல்ல. ‘அப்பாவிடம் ஃபீஸ் கேட்டு வா’ என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். கேட்க வேண்டியது வக்கீல் நோட்டீஸ்.

வக்கீலுக்குப் பணமில்லையா? நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் வருமான வரம்பே இல்லை.