தோட்டாவின் அடியில் ஒரு மயிரிழை ஆழம்

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளை உறை மட்டுமே. அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் அந்த உறையைத் தூக்கி எறிவதில்லை. அடியில் இருக்கும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகமான பழைய பிரைமரைக் குத்தி வெளியே தள்ளி, உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயில் புதிய குண்டைச் செருகினால் அதே உறை மறுபடியும் தோட்டாவாகிவிடும். ரீலோடிங் எனப்படும் இந்த வேலை அங்கே வீட்டு மேசையிலேயே நடக்கிறது. (இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.) இந்தப் படிகளில் மிக எளிதாகத் தோன்றுவது பிரைமரைப் பொருத்துவதுதான். அதற்கென்றே மேசையில் திருகி நிறுத்தும் தனிக் கருவி ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு விடை பிரைமரின் உள்ளே இருக்கிறது.

பிரைமர் என்பது சிறிய உலோகக் கிண்ணம். பெரிய வகையின் விட்டம் சுமார் 5.3 மில்லிமீட்டர், சிறிய வகையினுடையது சுமார் 4.4 மில்லிமீட்டர். கிண்ணத்தின் அடியில், அடிபட்டால் வெடிக்கும் வேதிக்கலவை மெல்லிய வில்லையாக அழுத்தப்பட்டிருக்கும்; அதன்மேல் கால்கள் விரித்த ஒரு குட்டித் தகடு உட்கார்ந்திருக்கும். அந்தத் தகடுதான் பட்டடை. தீபாவளிப் பொட்டு வெடியைக் கல்மேல் வைத்துத் தட்டினால் வெடிக்கும், மணல்மேல் வைத்துத் தட்டினால் வெடிக்காது. அதே காரணத்தால்தான் பிரைமருக்குள்ளும் பட்டடை தேவைப்படுகிறது. துப்பாக்கியின் ஃபயரிங் பின் எனப்படும் அடிக்கும் ஊசி கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அடிக்கும்போது, உலோகம் உட்குழிந்து, கலவையைப் பட்டடையின் முனைக்கு எதிராக நசுக்குகிறது. அந்த நசுக்கலில் பிறக்கும் சூடான வாயுவும் எரியும் துகள்களும் உறையின் அடியிலுள்ள தீத்துளை வழியாகப் பாய்ந்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கின்றன.

அடித்துப் பற்றவைக்கும் இந்த யோசனைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பல காலம் இதற்குப் பயன்பட்ட பாதரச ஃபல்மினேட் பித்தளையை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பின்னர் வந்த பொட்டாசியம் குளோரேட் கலவைகள் எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. இன்று பெரும்பாலும் பயன்படும் ஈய ஸ்டிஃப்னேட் கலவைகளில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. அடுப்படி மேசையிலும் செய்யக்கூடிய பொழுதுபோக்காக ரீலோடிங் வளர்ந்ததில், கருவி செய்தவர்களுக்கு உள்ள பங்கு வேதியியலாளர்களுக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

பட்டடை எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் 1860-களில் வகுத்த முறையில் பட்டடை உறையின் ஒரு பகுதி. அதே காலத்தில் பிரிட்டனின் எட்வர்ட் பாக்ஸர் வகுத்த முறையில் அது பிரைமருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விந்தை என்னவென்றால், அமெரிக்கா பிரிட்டன்காரரின் முறையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பல படைகள் அமெரிக்கரின் முறையைப் பின்பற்றின. பாக்ஸர் முறையில் தீத்துளை நடுவில் ஒன்றே ஒன்று இருப்பதால், ஒரு நேரான ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். மறுநிரப்பலுக்கு அந்த உறைகள் விரும்பப்படுவது இதனால்தான்.

இனி கருவிக்கு வருவோம். பிரைமரின் விட்டம், அது உட்காரும் உறையடிக் குழியின் விட்டத்தைவிட மிகச் சிறிதளவு கூடுதல். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தள்ள விசை வேண்டும், ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் கை உணரவும் வேண்டும். உறைகளை அச்சில் அழுத்தும் பெரிய பிரஸ்ஸிலேயே பிரைமரையும் பொருத்தலாம் என்றாலும், அதன் நெம்புகோல் பித்தளை உறையையே உருமாற்றும் அளவுக்கு வலுவானது. பிரைமர் அடியைத் தொட்ட கணம் அந்த வலுவில் கரைந்துவிடும். கையில் பிடித்து அழுத்தும் சிறு கருவியில் உணர்வு நன்றாகத் தெரியும், நூறு உறைகளுக்குப் பிறகு கட்டைவிரல் மூட்டு வலிக்கும். மேசையில் பொருத்தும் கருவி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: உடல் மேசையோடு இறுகியிருப்பதால் கை எதையும் தாங்க வேண்டியதில்லை, நெம்புகோலோ இந்த ஒரு வேலைக்கு மட்டுமே அளவாக நீண்டிருக்கிறது.

ஷெல் ஹோல்டர் எனப்படும் பள்ளம் வெட்டிய எஃகுத் துண்டு உறையின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். நெம்புகோலை இழுத்தால், தட்டையான முனையுடைய ஒரு தண்டு பிரைமரைச் சுமந்துகொண்டு கீழிருந்து மேலே ஏறும். முதலில் குழியின் வாயில் ஒரு சிறு தடை, பிறகு சீரான உராய்வு, கடைசியில் பட்டடையின் கால்கள் குழியின் அடியைத் தொடும்போது சட்டென்று கெட்டிப்படும் ஓர் எதிர்ப்பு. தேர்ந்தவர்கள் அத்துடன் நிறுத்தாமல் இன்னும் மிகச் சிறிதளவு, ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை, தள்ளுகிறார்கள். அந்தக் கடைசி மயிரிழையில் பட்டடை கலவைக்குள் லேசாக அழுந்துவதால், இடையில் தளர்வு எதுவும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி பற்றிக்கொள்ளும். மிதமிஞ்சித் தள்ளினால் வில்லையே உடைந்துபோகலாம்.

போதுமான அளவு தள்ளாவிட்டால் நடப்பது வேறு. ஃபயரிங் பின்னின் விசையில் ஒரு பகுதி, கலவையை நசுக்குவதற்குப் பதில் பிரைமரைக் குழிக்குள் முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். வெடிக்காத தோட்டா ஒன்று இரண்டாவது அடியில் வெடித்தால், முதல் அடி பொருத்தும் வேலையைத்தான் செய்து முடித்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். ரிவால்வரில் துருத்திய பிரைமர் உருளையைச் சுழலவிடாது. தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிகளில் ஆபத்து கூடும்: எம்1 காரண்ட், ஏஆர்-15 போன்றவற்றில் ஃபயரிங் பின் எந்தச் சுருள்வில்லும் இழுத்துப் பிடிக்காமல் மிதப்பதால், குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் அது பிரைமரை லேசாகத் தொடும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் அடியில் ஊசி முனையளவு பள்ளத்தைக் காணலாம். பிரைமர் துருத்தியிருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே தோட்டா வெடித்துவிடக்கூடும். அதனால்தான் பிரைமர் உறையின் அடிமட்டத்திலிருந்து சுமார் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

சில கருவிகளில் தண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு திருகால் நிர்ணயித்துவிடலாம். கேட்கச் சிறப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவி உறையைப் பிடிப்பது விளிம்பில். விளிம்பின் தடிமனும் குழியின் ஆழமும் உறைக்கு உறை மாறுகின்றன. தண்டு ஒரே இடத்தில் நின்றாலும், ஓர் உறையில் கலவை சரியாக அழுந்தும், இன்னொன்றில் பட்டடையின் கால் அடியையே தொட்டிருக்காது. ஒரே தயாரிப்பைச் சேர்ந்த, குழியின் ஆழத்தைச் சமன்செய்த உறைகளாக இருந்தால் திருகை நம்பலாம். கலந்து கிடக்கும் உறைகளுக்குக் கையின் உணர்வே மேல்.

பிரைமர்கள் கருவிக்குள் வந்து சேரும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் அவற்றைக் குறுகிய வரிகள் கீறிய தட்டில் கொட்டிக் குலுக்குகிறார்கள். குலுக்கக் குலுக்க, கவிழ்ந்து கிடப்பவை ஒவ்வொன்றாகப் புரண்டு எல்லாமே ஒரே பக்கம் பார்க்கும். பிறகு நூறு வரை ஒரு நீண்ட குழாயில் அடுக்கப்பட்டு, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒன்றாக இறங்குகின்றன. ஒன்று தவறி வெடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே குழாயில் உள்ள அத்தனையும் வெடித்துவிடலாம் என்பதால், குழாயைச் சுற்றித் தடித்த உலோகக் கவசம் போடுகிறார்கள். வேறு சில கருவிகள் 25 பிரைமர்களை இடைவெளிவிட்டுப் பதித்த பிளாஸ்டிக் பட்டைகளைப் பயன்படுத்துகின்றன. எந்த வகையானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நெம்புகோலைத் தொடக்கூடாது. கலவையில் ஈயம் இருப்பதால் முடித்ததும் கையைக் கழுவ வேண்டும். பிரைமர் சாய்ந்து மாட்டிக்கொண்டால் பலம் கொடுத்து இழுப்பதுதான் மிக மோசமான செயல்.

இராணுவ உறைகளில் பிரைமர் கழன்றுவிடாமலிருக்கக் குழியின் வாயை நசுக்கி வைத்திருப்பார்கள்; அந்த நசுக்கலை முதலில் நீக்காவிட்டால் புதிய பிரைமர் வாயிலேயே உருக்குலையும். நெம்புகோலில் தடை அளவுக்கு மீறித் தெரிவதற்கு அதுவே வழக்கமான காரணம். தடையே தெரியாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், பலமுறை சுட்ட அழுத்தத்தில் குழி விரிந்துவிட்டது என்று பொருள். அந்த உறையை எடுத்து நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுகிறார்கள்.