பழுப்பேறிய பி53 எதைக் காட்டுகிறது?

ஒரே அளவு வாய்ப்புற்று, ஒரே அறுவைசிகிச்சை, ஒரே கதிர்வீச்சு. ஒருவர் பல வருடம் நன்றாக இருக்கிறார். இன்னொருவருக்குச் சில மாதங்களிலேயே கழுத்தில் நெறி கட்டி, நோய் திரும்புகிறது. இந்த வித்தியாசத்தில் செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்கும் பங்கு உண்டு. அவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டது பி53.

டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்துவதும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவைப்பதும் இதன் வேலை. சேதம் இல்லாத நேரத்தில் எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் இதைத் தங்கவிடாது. உருவான சில நிமிடங்களில் அழிவுக்கு அனுப்பிவிடும்.

பயாப்சி சதையை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, பி53-ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை இடுவார்கள். புரதம் இருக்கும் உட்கரு பழுப்பாகும், மற்றவை நீலமாக நிற்கும். நல்ல திசுவில் அடி அடுக்கில் அங்கங்கே சில உட்கருக்கள் லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். கட்டி முழுக்க அடர் பழுப்பாக இருந்தால், பி53 நிறைய இருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். நிலைமை நேரெதிர்: மரபணு மாறியதால் உருக்குலைந்த பி53 அழியாமல் தேங்கிக் கிடக்கிறது. சில கட்டிகளில் ஒரு உட்கருகூடப் பழுப்பாகாது. அங்கே முழுப் புரதமே உருவாகவில்லை, அதுவும் கோளாறுதான்.

சரி, சிகிச்சைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுமருந்தும் டி.என்.ஏ.வைச் சிதைத்துத்தான் புற்றுசெல்லைக் கொல்கின்றன. பி53 பழுதானால் சிதைந்த செல்லும் சாகாமல் தப்பிப் பிரியக்கூடும். தலை, கழுத்துப் புற்றுள்ள 420 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், பி53-ஐ அடியோடு செயலிழக்கச் செய்யும் மரபணு மாற்றம் இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். இந்த ஒரு புரதம் மட்டும் காரணமல்ல. சிஸ்பிளாட்டின் உண்டாக்கும் சேதத்தை வெட்டிச் சரிசெய்யும் ஈ.ஆர்.சி.சி.1 போன்ற புரதங்களும் மருந்தைத் தோற்கடிக்கலாம்.

ரிப்போர்ட்டில் ‘பாசிடிவ்’ என்று பார்த்ததும் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். எந்தப் புரதம், எந்த இடம் என்பதே முக்கியம். டான்சில் புற்றில் பி16 என்ற புரதம் பாசிடிவ் என்றால் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வந்தது, சிகிச்சைக்கு நன்றாகப் பணியும். புகையிலையால் கன்னத்தில் வந்த புற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பி53 நிறத்தை மட்டும் வைத்து இன்று யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கழுத்து நெறிக்குப் பரவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மருந்துத் தேர்வையே மாற்றும் புரதம் பி.டி.-எல்1. நோய் திரும்பியவர்களுக்கும் பரவியவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தனியாகக் கொடுக்கலாமா என்பதை அதன் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.