கர்னல் ஏன் இப்படிப் புலம்புகிறது?

"மாமா, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன். உள்ள போற மாதிரி போயிட்டு மறுபடியும் வாசலுக்கே வந்து நிக்குது" என்று அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேற்கு மாம்பலம், கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான் என்பதால், எது கெட்டாலும் முதல் குற்றவாளி நான்தான்.

லாகின் திரை இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் சத்தம் போடாமல் விழுந்துவிடும், நாம் மறுபடி வாசலில் நிற்போம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் நுழைந்து பார்த்தேன். சந்தேகம் சரி. சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க் பகுதியான 60 ஜிபி ரூட் பார்ட்டிஷன் முழுக்க நிரம்பியிருந்தது. அதில் 47 ஜிபியைத் தின்றவை இரண்டே லாக் ஃபைல்கள், அதாவது உள்ளே நடப்பதைக் குறித்து வைக்கும் நாட்குறிப்புகள்: சிஸ்லாக், கெர்ன்லாக். ஒரு வாரத்துக்கு முன் கர்னல் அப்டேட் போட்டாளாம் (கர்னல் என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் லினக்ஸின் மையப் பகுதி). அன்றிலிருந்து எழுதித் தள்ளியிருக்கிறது.

எழுதியதும் ஒரே சங்கதிதான், லட்சக்கணக்கான முறை. 'பிசிஐஇ பஸ் எரர், சிவியரிட்டி: கரெக்டட், டைப்: ஃபிசிகல் லேயர்.' எரர் என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "போர்டு போச்சா மாமா?" என்றாள். பார்க்க வேண்டிய சொல் எரர் இல்லை, அதற்கு அடுத்து வரும் கரெக்டட். திருத்தப்பட்டுவிட்டது என்று கர்னலே சொல்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை முறை சொல்ல வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள, உள்ளே இரண்டு சில்லுகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வைஃபை கார்டும், மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்செட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) என்ற தடத்தில் பேசுகின்றன. பெயரில் பஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, பலர் ஏறும் பஸ் இல்லை இது. இரண்டு பேருக்கு மட்டுமான தனிக் கம்பி. அதன் மிகப் பழைய, மிக மெதுவான தலைமுறையிலேயே நொடிக்கு 250 கோடி பிட் ஓடும். மூன்றாம் தலைமுறையில் 800 கோடி. இந்த வேகத்தில் எப்போதாவது ஒரு பிட் தவறத்தான் செய்யும். தவறும் என்று தெரிந்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

ரயில் பாதை ஓரத்தில் குடியிருப்பவர்கள் போன் பேசும் அழகைக் கேட்டிருப்பீர்கள். மின்சார ரயில் கடக்கும்போது, "என்ன? கேக்கல, திரும்பச் சொல்லு." இங்கேயும் அதே கதைதான். அனுப்பும் சில்லு ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். வாங்கிக்கொண்ட சில்லு தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். கணக்கு ஒத்துப்போனால் 'வந்தது' என்று பதில் போகும், இல்லையென்றால் 'மறுபடி அனுப்பு'. அந்தப் பதில் வரும்வரை அனுப்பியவர் ஒரு நகலைக் கையிலேயே வைத்திருப்பார். மொத்தத்தையும் சில்லுகளே பார்த்துக்கொள்கின்றன, மென்பொருளுக்கு இதில் வேலையே இல்லை. கரெக்டட் என்பதன் பொருள் இதுதான். உண்மையில் கவலைப்பட வேண்டிய வகை அன்கரெக்டட் என்று வரும். அதிலும் ஃபேட்டல் என்று சேர்ந்து வந்தால் வேறு வேலைகளை விட்டுவிட்டு பேக்கப் எடுக்க உட்காருங்கள்.

ஆனால் சில்லு தவற்றைத் திருத்திக்கொண்டதோடு நிற்பதில்லை, "இப்படி ஒன்று நடந்தது" என்று பிராசஸரைத் தட்டி எழுப்பிச் சொல்கிறது. கர்னல் கேட்டுக்கொண்டு நான்கைந்து வரி எழுதுகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 500 பைட் என்று வையுங்கள். இவளுடைய லேப்டாப்பில் நொடிக்கு 200 முறை வந்துகொண்டிருந்தது. அதாவது நொடிக்கு 100 கேபி, மணிக்கு 360 எம்பி. தினம் பத்து மணி நேரம் ஓடினால் வாரத்துக்கு 25 ஜிபி. உபுண்டு வகையறா லினக்ஸ்களில் கர்னல் செய்தி வழக்கமாக சிஸ்லாக்கிலும் போகும், கெர்ன்லாக்கிலும் போகும். ஆக, எல்லாம் இரண்டு பிரதி.

இங்கே அவசரப்பட்டு அந்த ஃபைலை டிலீட் செய்பவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். லாக் எழுதும் சேவை அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருக்கும். நீங்கள் அழிப்பது பெயரை மட்டும், இடம் திரும்பக் கிடைக்காது. ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்கினால் இடம் உடனே வரும். அதைச் செய்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். கீழே குழாயை மூடாமல் தரையைத் துடைத்த மாதிரிதான் அது, ஆனாலும் உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம் கிடைத்ததே.

சரி, யார் பேசுகிறார்கள்? செய்தியில் நான்கு இலக்க எண் ஒன்று இருந்தது: 8086. இது இன்டெலின் அடையாள எண். 1978இல் அவர்கள் கொண்டுவந்த பிராசஸரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள், குறும்புதான். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துக் குற்றவாளியை முடிவு செய்யக் கூடாது. புகார் எழுதிக் கொடுத்தது சிப்செட் பக்கத்து வாசல், அவ்வளவே. அந்த வாசலுக்கு மறுபக்கம் யார் என்பதுதான் கேள்வி. பிசிஐ தடங்களில் இருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். மறுபக்கம் இருந்தது வைஃபை கார்டு.

கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து காட்டும் நிலையில் ஓடவிட்டேன். வரிகள் அருவி மாதிரி கொட்டின. ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு போடச் சொன்னேன். அருவி மெலிந்து சொட்டுச் சொட்டாகிவிட்டது! டவுன்லோடை நிறுத்தியதும் மறுபடி கொட்டல். வேலை செய்யும்போது ஒழுங்காக இருக்கிறது, சும்மா இருக்கும்போது உளறுகிறது. எனக்கு இதற்கு மேல் துப்பு தேவைப்படவில்லை.

ஏஎஸ்பிஎம் என்று ஒரு மின் சேமிப்பு ஏற்பாடு உண்டு. பேச்சு இல்லாத நேரத்தில் தடம் குட்டித் தூக்கம் போடும். வேலை வந்ததும் சில மைக்ரோ நொடிகளில் எழுந்து, எதிராளியின் தாளத்தைப் பிடித்து, பிட்டுகளை எண்ணத் தொடங்க வேண்டும். சில கார்டுகளும் சில போர்டுகளும் சேரும்போது இந்த எழுதல் சுத்தமாக நடப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் முதல் சில பிட்டுகளைத் தவறவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தூங்கி எழுந்தால், அத்தனை முறை தவறு, அத்தனை முறை புகார்.

இதற்குப் பலரும் கைமருந்து மாதிரி சொல்வது, பூட் ஆகும்போது கர்னல் படிக்கும் தொடக்க வரியில், இந்தப் புகார்களைக் கேட்காதே என்று பொருள்படும் நோஏஇஆர் என்பதைச் சேர்ப்பது. அது காதில் பஞ்சு வைத்துக்கொள்வது. தவறு நடந்துகொண்டேதான் இருக்கும், நாளைக்கு அன்கரெக்டட் ஒன்று வந்தாலும் காதில் விழாது. என் வீட்டு மெஷின் எதிலும் அதைப் போட மாட்டேன். அடுத்த பிரபல மருந்து, ஏஎஸ்பிஎம் ஆஃப். அதையும் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏன் என்பது வேடிக்கை. ஆஃப் என்றால் மின் சேமிப்பை நிறுத்து என்றுதானே நினைப்போம்? கர்னலின் அகராதியில் அதற்கு 'அந்த அமைப்பைத் தொடாதே' என்று பொருள். லினக்ஸுக்கு முன்பே ஓடி மெஷினை எழுப்பும் பயாஸ் ஏற்கெனவே தூக்கத்தை அனுமதித்திருந்தால், அது அப்படியே தொடரும். ஏஎஸ்பிஎம் பாலிசியைப் பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தால்தான் கர்னலே முன்வந்து தூக்கத்தைத் தடுக்கும்.

பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதைச் சேர்த்து பூட் செய்தோம். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், சொதப்பினால் ரீஸ்டார்ட் செய்தால் போயிற்று. அதனால்தான் எதையும் நேரே க்ரப் ஃபைலில் எழுதாமல் முதலில் இப்படிப் பார்ப்பது. அருவி நின்றது. அப்புறம் நிரந்தரமாக்கினோம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அது இதற்கான விலை. அந்த ஒரு கார்டுக்கு மட்டும் தூக்கத்தைத் தடுக்கவும் வழி உண்டு, பேட்டரியில் ரொம்பக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

நான் மூட்டை கட்டத் தயாராக இருந்தபோதுதான் உண்மையான விஷயம் கண்ணில் பட்டது. கர்னல் தன் செய்திகளை முதலில் நினைவகத்தில் ஒரு வட்டத்தில் எழுதும். பொதுவான கர்னல் அமைப்பில் அதன் இயல்பு அளவு 128 கேபி, பல டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு மாதிரியான லினக்ஸ் தொகுப்புகள்) கூட்டி வைக்கின்றன. நிரம்பினால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். நொடிக்கு 100 கேபி கொட்டும் இடத்தில் வேறு எந்தச் செய்தியும் நின்று பேச முடியுமா? அருவி நின்ற பிறகு, அதுவரை அமுங்கிக் கிடந்த ஒரு வரி மெதுவாகத் தலை காட்டியது: 'சிபியூ டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், கிளாக் த்ராட்டில்ட்.' வெப்பம் எல்லை தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது என்று பொருள். சிறிது நேரத்தில் இன்னொன்று. பக்கத்தில் மொத்த எண்ணிக்கை நான்கு இலக்கத்தில் இருந்தது.

இது திருத்தப்பட்ட சங்கதி இல்லை. பிராசஸரின் ஒவ்வொரு கோரிலும் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. பல லேப்டாப் பிராசஸர்களில் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் தன்னைக் காத்துக்கொள்ள பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் (சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) வெளியே தள்ளும் வெப்பம், சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏசி அறையில் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 75. அன்று எங்கள் ஹாலில் 40 டிகிரி, வித்தியாசம் 60தான். ஆக, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியேறும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். "கொஞ்ச நாளா ரொம்ப ஸ்லோ மாமா" என்று அவள் அப்போதுதான் சொன்னாள்.

பின்மூடியைக் கழற்றினோம். ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், சின்னத் தலையணை மாதிரி தூசு அடைந்து கிடந்தது. கையால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. மாலை வெயில் தாழ்ந்ததும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் ஒரு சிரிஞ்ச் வாங்கி வந்தோம். பழையது காய்ந்து பொரிந்திருந்தது, சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன்.

மறுநாள் முழுக்க ஓடவிட்டு எண்ணினால், அந்த த்ராட்டில் வரி இரண்டே முறை வந்திருந்தது. இரண்டும் இரவு பத்து மணிக்கு மேல். விசாரித்ததில், மேடம் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்துப் படம் பார்த்திருக்கிறார்.