சனிக்கிழமை டிஸ்சார்ஜ் வேண்டாம், டாக்டர்!

அயர்லாந்தில் வார்டு டியூட்டி பார்க்கும் நம்ம ஊர் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இது பழகிய கதைதான். சனிக்கிழமை டிஸ்சார்ஜ் என்றதும் வயதானவர்கள் சிலரின் முகம் வாடிவிடும். "ஞாயிற்றுக்கிழமை போகிறேனே?" என்பார்கள். சனிக்கிழமை இடம் மாறினால் அங்கே நிலைக்காது, சீக்கிரமே திரும்பி வர வேண்டியிருக்கும் என்பது நம்பிக்கை. டிசம்பர் 28 எந்தக் கிழமையில் வருகிறதோ, அடுத்த ஓராண்டுக்கு அந்தக் கிழமையில் புதுக் காரியம் எதையும் தொடங்காத வழக்கமும் அங்கே இருந்தது. ராகுகாலம் பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்டுச் சிரிக்கத் தகுதியில்லை!

நாள் பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. கைவைத்தியத்தில்தான் கவனம் வேண்டும். ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் தொட்டால் நோய் போகும் என்பார்கள். அவர் காசு கேட்க மாட்டார். கண்கட்டியை நோக்கிக் கூஸ்பெரி என்ற பழச்செடியின் முள்ளை நீட்டுவார்கள். சரி, நீட்டிவிட்டுப் போகட்டும். கக்குவான் வந்த குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் நுழைத்து எடுப்பது ஒரு பழைய வழக்கம். கைக்குழந்தைக்குக் கக்குவான் உயிருக்கே ஆபத்து; அங்கே கழுதையை நம்பி நேரத்தை விட முடியாது.

தீக்காயத்துக்கு இன்னொன்று: நீர்ப்பல்லியை நாக்கால் நக்கியவர், பிறகு காயத்தை நக்கினால் ஆறுமாம். வாயில் இருக்கும் கிருமியெல்லாம் காயத்துக்குள் போகும், அவ்வளவுதான். குழாயின் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

எல்லாமே வெறுங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்தில், போஹோ என்ற ஊரின் கல்லறை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார்கள். அந்த வட்டாரத்து மண்ணில், எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா) உள்ளிட்ட முரட்டுக் கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் அடக்கிய ஒரு பாக்டீரியாவை ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட்ட குழு கண்டறிந்து 2018-இல் வெளியிட்டது. அதற்காக மண்ணை அள்ளிப் புண்ணில் அப்பிவிடாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது அக்கிக்குத்தான். நம் பக்கம் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வோம். அங்கே கியோ என்ற குடும்பப் பெயர் உள்ளவரின் ரத்தத்தைத் தடவுவது பழைய முறை. அடுத்தவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கலாம். அதைவிட, கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் திட்டாமல், "வேறு யாரிடமாவது காட்டினீர்களா, எப்போது?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்புறம் அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும், ரத்தம் மட்டும் வேண்டாம்.