ட்யூனிங்: வில்லை இசைவித்தல்

கிழக்கு டெல்லியில் நாங்கள் வில் பழகும் மைதானத்தில் இந்திக்கு நடுவே தமிழும் கொஞ்சம் புழங்கும். மயூர் விகாரிலிருந்து வரும் மூன்று வீட்டுப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், அப்புறம் நான். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "அங்கிள், கோச் வில்லை ட்யூன் பண்ணணும்னு சொல்றார். இது என்ன வீணையா, ட்யூன் பண்றதுக்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்லப் போய் ஒரு வாரம் அந்தச் சொல்லோடேயே இருந்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் 'ட்யூன்' என்பது 'டோன்' என்ற சொல்லின் இன்னொரு வடிவம். இரண்டும் கிரேக்கத்தின் 'டோனோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. டோனோஸ் என்றால் இழுத்துக் கட்டுதல், அப்படிக் கட்டியதன் இறுக்கம். நரம்பை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அதற்கேற்ப ஒலி மாறுவதால் அந்தச் சொல் சுருதிக்குப் பெயரானது. பிறகு ரேடியோவுக்கும் மோட்டார் இன்ஜினுக்கும் போய், கடைசியில் வில்லுக்கு வந்தது. இழுத்துக் கட்டிய நாணில்தான் வந்து நின்றிருக்கிறது என்பதால் அது ஊர் திரும்பிய சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இந்த உறவு இன்னும் நெருக்கம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து வாசிக்கிறான். வில்லின் வடிவிலேயே ஒரு யாழ். அந்த யாழை வாசிக்கும் முன் செய்யும் வேலைக்கும் நம்மிடம் பெயர் உண்டு: பண்ணல். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழில் இசை எழுப்பும் எட்டு வகைகளைச் சொல்லும்போது பண்ணலில்தான் தொடங்குகிறது. நரம்பை அளவறிந்து வீக்குதல், அதாவது இழுத்துக் கட்டுதல், என்று பழைய உரை அதற்குப் பொருள் சொல்லும். தேரையும் குதிரையையும் பயணத்துக்கு ஆயத்தம் செய்வதும் பண்ணுதல்தான்.

ஆக 'ட்யூன் பண்ணு' என்று சொல்லும்போது ஒரே பொருளை இரண்டு தடவை சொல்கிறோம்! ஆனால் இன்று 'வில்லைப் பண்ணு' என்றால் யாருக்கும் விளங்காது. பண்ணுதல் வெறும் 'செய்தல்' ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது. வேறு சொல்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

நாங்கள் எய்வது காம்பவுண்ட் வில். இதைச் சிலர் 'கூட்டு வில்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொம்பு, மரம், தசைநார் எல்லாம் ஒட்டிச் செய்த பழங்கால வில்லுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இதன் உயிர் இரு முனையிலும் இருக்கும் சக்கரங்கள். அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிணற்றடியில் நாம் சொல்லும் சொல்லே போதும்: கப்பி வில். சக்கரங்கள் மையம் விலகிச் சுழல்வதால், முழுதாக இழுத்த பிறகு கையில் நிற்கும் எடை குறைந்துவிடும். 50 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால் 10 பவுண்டுதான் தாங்க வேண்டும்.

இந்த வில்லில் நாண், சக்கரங்கள், அம்பு உட்காரும் ரெஸ்ட், நாணில் அம்பை மாட்டும் இடம், அம்பின் விறைப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழன்று முடிய வேண்டும். அம்பின் விறைப்பை ஆங்கிலத்தில் 'ஸ்பைன்' என்பார்கள். அதை 'முதுகெலும்பு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்து வருத்தப்பட்டேன். 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் சுமார் 880 கிராம் தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறது என்பதை ஒரு எண்ணால் குறிப்பார்கள். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிய கணக்கு அது: அரை அங்குலம் வளைந்தால் 500. எண் சிறிதானால் அம்பு விறைப்பானது.

ஒத்துப்போகிறதா என்று எப்படித் தெரியும்? சட்டத்தில் ஒரு தாளை விறைப்பாகக் கட்டி, ஆறடி தூரத்திலிருந்து அதன் வழியே எய்ய வேண்டும். அம்பு நேராகப் போயிருந்தால் ஒரு வட்டத் துளையும் அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டும் இருக்கும். வால் மேலே கிழித்திருந்தால் நாணில் மாட்டும் இடத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும், கீழே கிழித்திருந்தால் ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சின்ன மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

இடம் வலமாகக் கிழிந்தால்தான் சிக்கல். உடனே ரெஸ்டை நகர்த்தத் தோன்றும். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். முதல் தாளில் இடது, அடுத்ததில் வலது, மூன்றாவதில் மறுபடி இடது. வில் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டிருக்காது. மாறுவது கை. கோச் வந்து அவள் விரல்களைத் தட்டினார்: "முட்டி மத் பாந்தோ." கையை முஷ்டியாக மூடாதே.

இங்கேதான் 'பிடி' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. வில்லின் அந்தப் பாகத்துக்குப் பிடி என்பது சரியான பெயர். ஆனால் தமிழில் பிடித்தல் என்றதும் உடும்புப்பிடிதான் நினைவுக்கு வருகிறது. வில்லை அப்படி இறுக்கினால் நாண் விடுபடும் நொடியில் மணிக்கட்டு வில்லைத் திருகிவிடும், அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். வில் பெருவிரலின் அடிமேட்டில், ஆயுள் ரேகைக்கு உட்புறமாக, சாய வேண்டும். விரல்முட்டிகள் 45 பாகைச் சாய்வில் இருக்க, விரல்கள் தளர்ந்து தொங்கலாம். வில் விழாமலிருக்க விரலில் ஒரு வார் மாட்டிக்கொள்கிறோம். இதற்கு நம் பழைய சொல் அழகாகப் பொருந்துகிறது: வில் ஏந்துதல். கையேந்தும்போது யாரும் முஷ்டியை மூடுவதில்லையே. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு கலப்பு அணி வெண்கலம் வென்ற ஷீதல் தேவி, கைகள் இல்லாமல் பிறந்தவர். கப்பி வில்லைக் காலில்தான் தாங்குகிறார். அவரை எய்யும்போது ஒரு தடவை பார்த்தால் போதும், 'இறுக்கிப் பிடி' என்ற எண்ணமே போய்விடும்.

கை மாறிக்கொண்டே இருக்கும்போது ரெஸ்டை நகர்த்தினால் பிழைக்கேற்ப வில்லைத் திருத்தியதாகிவிடும். அதனால்தான் 'சீரமைத்தல்', 'ஒழுங்குசெய்தல்' எல்லாம் எனக்குப் போதவில்லை. அவற்றில் வில் மட்டுமே இருக்கிறது, ஆள் இல்லை. நான் தேர்வது இசைவித்தல். இசைதல் என்றால் ஒலித்தல். இணங்குதல், பொருந்துதல் என்றும் பொருள். நாணும் அம்பும் கையும் ஒன்றுக்கொன்று இணங்கும் வேலைக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சில் 'வில்லுக்கு இசைவு பார்த்தாச்சா?' என்று கேட்கலாம். 'வில்லிசை' என்று மட்டும் சுருக்க வேண்டாம், அது வில்லுப்பாட்டுக்கு உரியது.

அந்தப் பெண் இப்போது தன் நோட்டில் 'இசைவு' என்று தலைப்பிட்டு, நாணில் அம்பு மாட்டும் உயரம், ரெஸ்டின் நிலை, சக்கரங்களில் போட்ட அடையாளம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவைக்கிறாள். கிழிந்த தாள்களையும் இடையில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் அவள் வில்லுக்குப் புது நாண் போடுகிறோம். புது நாண் கொஞ்ச நாள் நீண்டுகொடுக்கும் என்பதால், அது அமர்ந்த பிறகு முதல் தாளிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.