ஜானி கார்சன் ‘தொகுப்பாளர்’ அல்லர்

ஜானி கார்சனைப் பற்றித் தமிழில் வரும் நினைவுக் குறிப்பு எதை எடுத்தாலும் ‘பிரபல இரவுநேர நிகழ்ச்சித் தொகுப்பாளர்’ என்றுதான் தொடங்குகிறது. 1962 அக்டோபர் முதல் 1992 மே வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘தி டுநைட் ஷோ’ என்ற, விருந்தினர்களை அழைத்துப் பேசும் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். 2005 ஜனவரியில், 79 வயதில் அவர் காலமானபோது, வீட்டு மனிதர் ஒருவரைப் பறிகொடுத்தது போல அங்கே பலர் கலங்கினார்கள். அந்த மனிதர் எதைத் தொகுத்தார்?

ஆங்கிலத்தில் அவரை ‘ஹோஸ்ட்’ என்றார்கள். ‘ஹாஸ்பெஸ்’ என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து இப்படியானது. விருந்தினர், விருந்தளிப்பவர் இருவருக்கும் லத்தீனில் அது பொது. ஹோட்டல், ஹாஸ்பிட்டல் எல்லாம் அதே குடும்பம்தான்.

தொகுத்தல் வேறு வேலை. சிதறிக் கிடப்பதைத் திரட்டி ஒழுங்குபட அடுக்குவது அது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறோமே, அந்த வேலை. வானொலியில் பாடல்களையும் துணுக்குகளையும் கோத்துத் தந்தவரைத் ‘தொகுத்து வழங்குபவர்’ என்றது சரி. அதை ‘தொகுப்பாளர்’ என்று சுருக்கி, மைக் பிடித்தவர் தலையிலெல்லாம் கட்டிவிட்டோம். பாட்டுப் போட்டியா, சமையலா, விருது விழாவா, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அரசியல் விவாதத்துக்கு ‘நெறியாளர்’ என்ற அருமையான சொல் இருந்தும் அங்கேயும் தொகுப்பாளரே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

‘அறிவிப்பாளர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்த நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் தனியாகவே இருந்தார். ‘ஹியர்ஸ் ஜானி!’ என்று நீட்டி முழக்கி அழைத்தாரே எட் மெக்மேன், அவர்தான். யாரை அழைப்பது, எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று ஏற்பாடு செய்ய தயாரிப்புக் குழு இருந்தது. வந்தவரை வரவேற்று, அவர் கூச்சம் தெளியும்படி பேசி, அவரை ஒளிரவைப்பதுதான் கார்சனின் வேலை. புதிதாக வந்த நகைச்சுவைக் கலைஞர் நின்றபடி பேசி முடித்ததும், பிடித்திருந்தால் பக்கத்து இருக்கைக்கு வரும்படி கையசைப்பார். அந்த ஒரு கையசைப்பில் வாழ்க்கை மாறியவர்கள் உண்டு.

1987இல் இந்தியானாவிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். முகம் போலவும் விலங்கு போலவும் தோன்றும் உருளைக்கிழங்கு சிப்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கார்சன் தன்னிடமிருந்த வேறொரு கிண்ணத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து நறுக்கென்று கடித்தார். மூதாட்டி பதறி நெஞ்சில் கைவைத்தார். கார்சன் உடனே தன் கிண்ணத்தைத் தூக்கிக் காட்ட, இருவரும் சிரித்தார்கள். வந்தவரை வைத்துச் சிரிக்கவும் வேண்டும், அவர் மனம் நோகவும் கூடாது. இதற்குத் தமிழில் பெயர் ஓம்புதல்.

‘விருந்து’ என்றால் முதலில் புதுமை. பிறகு புதிதாக வந்தவர். சாப்பாடு அதற்கும் பிறகுதான். ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்கிறது குறள். பேசி முடித்தவர் பக்கத்து இருக்கைக்கு நகர, அடுத்தவர் திரைக்குப் பின்னிருந்து வருவதைப் பார்த்திருக்கும் கார்சனுக்கு இதைவிடப் பொருந்தும் வரி கிடையாது. ஆகவே ஹோஸ்ட் என்பவர் ‘விருந்தோம்பி’.

‘-இ’ என்று முடிந்தால் கருவியின் பெயர் போல் இருக்கிறது, மரியாதை குறைகிறது என்பார்கள். வழிகாட்டி, கடலோடி என்று மனிதர்களைச் சொல்வதில் என்ன மரியாதை குறைந்துவிட்டது? ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரைப் பாடநூல்கள் ‘ஓம்புயிரி’ என்கின்றன. உயிரியல் எழுதியவர்கள் ஆங்கிலச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்; தொலைக்காட்சியைப் பற்றி எழுதுபவர்கள் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் பெயர்ச்சொல்லும் வேண்டியதில்லை. ‘ஹோஸ்ட் செய்தார்’ என்பதற்கு ‘நடத்தினார்’ போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை ஒட்டிவிட்டுப் போவதால் வரும் வினை பெரிது. கார்சன் விடுப்பில் போனால் வேறொருவர் நடத்துவார். அவர் ‘கெஸ்ட் ஹோஸ்ட்’. 1983 முதல் 1986 வரை ஜோன் ரிவர்ஸ் அந்தப் பொறுப்பில் நிலையாக இருந்தார். அதை ‘விருந்தினர் தொகுப்பாளர்’ என்று எழுதினால் விருந்தினர்களைத் தொகுத்தவர் என்றல்லவா பொருள் வரும்? ‘கார்சனுக்குப் பதிலாக நடத்தியவர்’ என்று எழுதுங்கள், யாருக்கும் குழப்பம் வராது.