மிஸியாலஜி: தமிழில் என்ன சொல்வது?

இறையியல் கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் ஆய்வரங்க அழைப்பிதழ்களிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘மிஸியாலஜி’. மதம் பரப்பக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கிறிஸ்தவம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போனது, போன இடத்தில் அது என்ன ஆனது, கொண்டுபோனவர்கள் எதற்காகப் போனார்கள் என்பதையெல்லாம் வரலாறு, இறையியல், மானிடவியல் துணையோடு ஆராயும் துறை அது.

இலத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். அதிலிருந்து வந்தது ‘மிஸியோ’. நெடுங்காலம் அது கடவுளைப் பற்றிய சொல்லாகவே இருந்தது: தந்தை மகனை அனுப்பியதும், தூய ஆவி அனுப்பப்பட்டதும்தான் மிஸியோ. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் சமயப் பணிக்கு ஆளனுப்புவதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். பொருள் அங்கே திரும்பியது. அப்புறம் அனுப்பப்பட்டவர்கள் கட்டியதெல்லாம் மிஷன் ஆயிற்று. நம் ஊர்களின் மிஷன் ஆஸ்பத்திரியும் மிஷன் பள்ளிக்கூடமும் அப்படி வந்த பெயர்களே.

பல்கலைக்கழகத் துறையாக இது வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டில். 1867-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் டஃப் இதற்கெனப் பேராசிரியர் ஆனார். கல்கத்தாவில் பல ஆண்டுகள் கல்விப் பணி செய்தவர் அவர். 1890களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் குஸ்தாவ் வார்னெக் இதே பாடத்துக்குப் பேராசிரியர் ஆனார். ஹாலே நமக்குப் புதிய ஊர் அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் 1710 முதல் அச்சானதும் ஹாலேயில்தான். இந்தத் துறையின் மூலச்சான்றுகளில் தமிழ் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழில் இதற்குச் சரியான பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

1952-இல் ஜெர்மனியின் வில்லிங்கனில் கூடிய பன்னாட்டு மிஷனரி மாநாடு, அனுப்புபவர் கடவுளே, அந்தப் பணியில் திருச்சபை பங்கேற்கிறது என்ற பழைய பொருளை மீட்டது. 1912-இல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் ரிவ்யூ ஆஃப் மிஷன்ஸ்’ என்ற ஆய்விதழ் 1969-இல் தன் பெயரின் கடைசி எழுத்தைக் கழற்றி ‘மிஷன்’ என்று ஒருமையாக்கிக்கொண்டது. ஒரே எழுத்துதான், ஆனால் மேற்கிலிருந்து கிளம்பிய பல மிஷன்கள் என்ற பார்வை போய், எல்லா நாட்டுத் திருச்சபைக்கும் பொதுவான ஒரே பணி என்ற பார்வை வந்துவிட்டது.

சரி, தமிழ்ச் சொல்? கத்தோலிக்கர் ‘மறைபரப்பு’ என்கிறார்கள். அதைக்கொண்டு ‘மறைபரப்பியல்’ எனலாம். ஆனால் அது பரப்புவதை மட்டும் சொல்கிறது, அனுப்பப்படுவதைச் சொல்லவில்லை. சீர்திருத்த சபையினரிடம் ‘அருட்பணி’ புழங்குகிறது. ‘அருட்பணியியல்’ சொல்ல எளிது. ஆனால் கத்தோலிக்கர் குருக்களின் பெயருக்கு முன் ‘அருள்பணி’ என்று எழுதுவதால், குருத்துவத்தைப் பற்றிய படிப்போ என்று அவர்களுக்குத் தோன்றும்.

என் தேர்வு ‘தூதுப்பணியியல்’. அப்போஸ்தலர் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அனுப்பப்பட்டவர் என்பதே பொருள். கத்தோலிக்க விவிலியத் தமிழில் அது ‘திருத்தூதர்’. தூது போகிறவர் தம் விருப்பத்துக்குப் போவதில்லை, அவரை அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். இலத்தீன் வேர் சொல்வதும் அதுவே.

‘உலகக் கிறிஸ்தவம்’ என்பதை இதற்கு மாற்றாக எழுதக்கூடாது. ஆண்ட்ரூ வால்ஸ், லாமின் சானே போன்ற வரலாற்று அறிஞர்கள் வளர்த்த அந்தத் துறை, ஆப்பிரிக்க, ஆசிய மக்கள் கிறிஸ்தவத்தைத் தங்கள் மொழியிலும் வாழ்விலும் எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்று பார்ப்பது. சீகன்பால்கு ஏன் வந்தார் என்பது தூதுப்பணியியல் கேள்வி. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் ஏன் கீர்த்தனை பாடினார் என்பது உலகக் கிறிஸ்தவக் கேள்வி.